யோகிம் நட்ட கிளைகள்

நொய்ஹாகன், ரூகன் தீவு
1822 டிசம்பர் 9

என் தம்பி மனைவி மின்னாவுக்கு, உன் நாத்தனார் திரினே எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். பன்றி சுகம். என் புருஷன் ஹென்னிங்குக்கு இருமல், அது எங்கள் கல்யாணத்தன்றைக்கே இருந்தது, அதனால் அதைச் சேர்க்க வேண்டாம். பிள்ளையைச் சுமக்கிற உன் சுகத்தை ஒளிக்காமல் எழுது. கால் வீங்குகிறதா? புளிப்புக் கேட்கிறதா? என் எழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும். பாதிரியார் எனக்கு ஜெபம் படிக்கிற அளவுக்குத்தான் சொல்லித்தந்தார், அதிலும் பாதிநாள் அவருக்குக் காய்ச்சல்.

உன் புருஷன் லோரென்ஸ் பத்திரமாக வந்து சேர்ந்தான். எங்கள் காயல் உறைந்து கிடப்பதைப் பார்க்கவே டிரெஸ்டனிலிருந்து வந்திருக்கிறானாம். "பார்க்கிறதுக்கு என்னடா இருக்கு? வெள்ளை. பாத்தாச்சுல்ல, வா சாப்பிட"ன்னேன். சிரிக்கக்கூட இல்லை. விடிந்ததும் போகிறான், இருட்டினதும் வருகிறான், நடுவில் அசையாமல் நிற்கிறான். காக்கா ஒன்று அவன் தொப்பியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனதாக எதிர்வீட்டு யோகிம் சத்தியம் பண்ணுகிறான்.

நேற்று கேட்டேன்: "தனியா அங்க என்னதான்டா பண்றே?" "ஒண்ணுமே இல்லாத எடத்துலதான் அக்கா, கடவுளால ஒளிஞ்சு நிக்க முடியாது"ன்னான். "அவர் நிக்கிறாரோ இல்லையோ, உன் மூக்கு நீலமா நிக்குது, அடுப்புக்கிட்ட வா"ன்னேன்.

விலாங்கு புகைபோட்டு வைத்திருக்கிறேன், அவன் திரும்பும்போது தருவேன். வழியில் தின்றுவிடாமல் கொண்டுவந்தால் அது உன் அதிர்ஷ்டம்.

உன் வயிற்றைத் தொட்டு வாழ்த்துகிற
திரினே


டிரெஸ்டன்
1822 டிசம்பர் 27

அன்புள்ள அண்ணிக்கு, மின்னாவின் வணக்கங்கள். உங்கள் இருவருக்கும் இறைவன் நல்ல சுகம் தரட்டும்.

எனக்குக் கால் வீங்குகிறது. மற்றபடி நலம். மார்ச் மாதம் என்று மருத்துவச்சி சொல்கிறாள்.

அவர் வரையப்போகும் படம் ஒரு மலையூர்ச் சிற்றாலயத்தின் பீடத்துக்கு. ஈஸ்டருக்குள் கொடுக்க வேண்டும். கிறிஸ்து இல்லை, சிலுவை இல்லை, வெறும் பனிவெளி மட்டும் என்று அவர் சொன்னபோது ஆலயத்தார் முகம் சுளித்தார்கள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். இந்தப் படமும் ஏளனத்துக்கு ஆளானால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

அண்ணி, ஓர் உதவி. உங்கள் வீட்டுச் சவரக்கத்தி அவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். தாடி வளர்ந்தால் வளரட்டும். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

தங்கள் பிரார்த்தனையை வேண்டும்
மின்னா


நொய்ஹாகன்
1823 ஜனவரி 16

மின்னாவுக்குத் திரினே எழுதுவது. நாங்கள் சுகம். குளிர் மட்டும் எங்களைவிட சுகமாக இருக்கிறது.

இதை உன் புருஷன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். வெளியே தபால் சறுக்குவண்டிக்காரன் குதிரையைத் திட்டிக்கொண்டு நிற்கிறான். கத்தியைப் பற்றி நீ கேட்காதே என்றாய், நான் கேட்கவில்லை. என் நாக்கு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்று உனக்குத் தெரியாது. தாடியோடு வருகிறான், ஆட்டுக்கடா என்று விரட்டிவிடாதே.

நேற்று அந்திக்குக் காயலிலிருந்து வந்தானே, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நற்கருணை வாங்கின பிள்ளை மாதிரி. பட்டாணிச் சாற்றை வைத்தேன், கரண்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். "கெடைச்சிருச்சு அக்கா"ன்னான். "என்னடா?"ன்னேன், சாற்றைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சரி, கிடைத்தது கிடைத்ததாகவே இருக்கட்டும்.

ஹென்னிங் அக்கரைக்கு மீன் கொண்டுபோயிருக்கிறார், நாளைக்கு உறைந்த காயல் மேலேயே நடந்து வருவார். இந்த வருஷம் வழிக்கு யோகிம்தான் கிளை நட்டான். ஓடை வந்து விழுகிற இடத்தில் பனிக்கட்டி மெல்லிசு, அதைச் சுற்றிக்கொண்டு போகப் பைன் கிளைகளை வரிசையாகக் குத்திவைக்க வேண்டும். 'கிளை பார்த்து நட, இல்லாவிட்டால் கிளம்பிப் போய்ச் சேர்' என்று இங்கே சொல்வார்கள். யோகிம் குத்தின வரிசை அவன் நடை மாதிரியே கோணல். சனிக்கிழமை குடிச்சிட்டு நட்டியா, ஞாயித்துக்கிழமை குடிச்சிட்டு நட்டியா என்று கேட்டதற்கு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

வண்டிக்காரன் இப்போது என்னைத் திட்டுகிறான்.
திரினே


டிரெஸ்டன்
1823 ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு, மின்னாவின் வணக்கம். அவர் நலமாக வந்து சேர்ந்தார். விலாங்கு பாதி வந்து சேர்ந்தது.

எப்படி நன்றி சொல்வேன்! வந்த அன்று மாலை முழுவதும் அவர் பேசினார். போன வருஷம் முழுக்க என்னோடு பேசியதைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. கடைசி நாளில்தான் தேடியது கிடைத்ததாம். உங்கள் ஊரார் பனிக்கட்டி மேல் விளக்குமாற்றைத் தலைகீழாக நிறுத்தியதுபோல் கிளைகள் குத்தி வைத்திருக்கிறார்களாமே? எந்தப் பக்கம் திரும்பினாலும் மனிதன் கைவைத்த அடையாளம் கண்ணில் குத்தியதாம். அதனால் தன் முன்னால் நின்ற சில கிளைகளைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டாராம். அதன்பிறகு படைப்பின் முதல் நாள்போல் இருந்ததாம். பகல் முழுவதும் நின்றாராம். "யாரோ என் பக்கத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு மின்னா, திரும்பிப் பாக்கக்கூட தோணல" என்றார். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உங்களுக்கு அவர் வேலை முறை தெரிந்திருக்காது. படம் முடியும்வரை யாரோடும் பேச்சு இல்லை. சன்னலின் கீழ்ப்பாதியைப் பலகையால் மூடிவிடுவார். சாப்பாடு கதவருகில் வைக்க வேண்டும். கடிதமோ செய்தியோ உள்ளே போகக்கூடாது. நானே வெளியே உட்கார்ந்துதான் தைக்கிறேன். ஆனால் உள்ளே நடக்கும் காலடியே இப்போது வேறு மாதிரி கேட்கிறது.

ஹென்னிங் அத்தானுக்கு இருமல் எப்படி இருக்கிறது?
அன்புடன்
மின்னா


நொய்ஹாகன்
1823 ஜனவரி 30

மின்னாவுக்குத் திரினே. நீ சுகமா? உன் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை. வழியெல்லாம் பனி.

ஹென்னிங் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மிச்சத்தை மெதுவாகப் படி.

லோரென்ஸ் கிளம்பின மறுநாள், அக்கரையிலிருந்து வரும்போது மூடுபனி இறங்கிவிட்டது. நீட்டின கை தெரியாது. கிளை கிளையாகத் தொட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஓடை வாய்ப் பக்கம் அடுத்த கிளையைக் காணவில்லை. நேராக நடந்திருக்கிறார். பனிக்கட்டி விட்டுவிட்டது. கோலைக் குறுக்கே போட்டு எப்படியோ மேலே ஏறிக் கிடந்தார். காலையில்தான் கண்டுபிடித்தோம். வைத்தியர் இடது பாதத்தை எடுத்துவிட்டார்.

மனுஷன் இப்போது தலைமாட்டில் பைப்போடு கிடந்துகொண்டு என்னையே கேலி செய்கிறார். "இனி நீ எனக்கு ஒத்தைக் காலுறை பின்னினா போதும், மிச்ச நேரம் வாயாடலாம்" என்கிறார். நானும் சிரிக்கிறேன். அடுப்படிக்கு வந்து ஆட்டுக்குட்டி மாதிரி அழுகிறேன்.

யோகிம் எல்லாக் கிளையையும் நட்டேன் என்று பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறான். யார் நம்புவார்கள்? குளிரில் சோம்பேறித்தனப்பட்டு நடுவில் விட்டுவிட்டான் என்கிறது ஊர். நானே அவன் வாசலில் போய் நின்று கத்தினேன்: "என் புருஷன் காலைக் குடிச்சுத் தொலைச்ச பயலே!" அவன் தலையைத் தூக்காமல் வலை பின்னிக்கொண்டே இருந்தான்.

இதையெல்லாம் தம்பியிடம் பக்குவமாகச் சொல்.
திரினே


நொய்ஹாகன்
1823 பிப்ரவரி 12

மின்னா,

நீ ஜனவரி 27இல் எழுதியது இன்று வந்தது.

பிடுங்கின கிளைகளை அவன் திரும்ப நட்டானா? கதவைத் தட்டிக் கேள். எனக்கு ஒரு வரி போதும்.

திரினே


டிரெஸ்டன்
1823 பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதலாவதைப் படித்து முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அந்தியில் கிளம்பும்போது நட்டுவிடலாம் என்று நினைத்ததாக அவர் அன்று சொன்னார். நட்டதாகச் சொல்லவில்லை. அன்று அவர் இருந்த நிலையில் வீட்டுக்கு எப்படி நடந்து வந்தார் என்பதே அவருக்கு நினைவில்லை.

அவர் எப்போதும் கழுத்தில் துணி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு படத்தைப் பத்திரிகைக்காரர்கள் பரிகாசம் செய்தார்கள். வெறும் பரிகாசம்தான் அண்ணி. அதற்கே அவர் தன்னைத்தானே என்ன செய்துகொண்டார் என்பது அந்தத் துணிக்கு அடியில் இருக்கிறது. இதை நான் சொன்னால்?

குழந்தை பிறக்கட்டும். படம் முடியட்டும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அத்தானின் நிலையை நினைத்து இரவெல்லாம் விழித்திருக்கிறேன், இருந்தாலும் கேட்கிறேன். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

மின்னா


நொய்ஹாகன்
1823 மார்ச் 8

மின்னாவுக்குத் திரினே. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வீக்கத்துக்கு உப்பைக் குறை, காலை மணைமேல் தூக்கி வை. கோபமாக இருக்கிறேன், ஆனால் உன் கால்மேல் கோபம் இல்லை.

கடிதத்தை அடுப்பில் போட்டேன். அது எரிந்துவிட்டது, நான் எரிந்துகொண்டிருக்கிறேன்.

என் தம்பிக்கு இந்த ஊர் தெரியாதா? அவன் பிறந்த ஊர். சின்னப் பிள்ளையில் கிளையைத் தொட்டதற்கு எங்கள் அப்பா அவன் முதுகில் கயிறு அறுந்துபோகும்வரை அடித்திருக்கிறார். தெரியாதவன் செய்தால் பிசகு. தெரிந்தவன் மறந்தால் அதற்கு என்ன பெயர் என்று பாதிரியாரைத்தான் கேட்க வேண்டும், அவரிடம் கேட்கவும் முடியாது.

யோகிமின் கதை கேள். ஈஸ்டர் திங்களன்று வலைக்கொட்டகையில் ஊர்க்கூட்டம். ஹென்னிங்கும் அவனும் வலை இழுக்கிற படகிலிருந்து அவனை நீக்கப்போகிறார்கள். நீக்கினால் வசந்தகால ஹெரிங் மீன் பிடிப்பில் அவனுக்குப் பங்கு கிடையாது. பங்கு இல்லாதவன் இந்தத் தீவில் குடியிருக்க முடியாது. அவன் பொண்டாட்டி கிணற்றுக்கு வந்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். முந்தாநாள் நான் நகராமல் நின்றேன். அவள் என்னைப் பார்த்து, "ஏன்க்கா நீ மட்டும் நிக்கிறே? உனக்குத்தானே முதல்ல கோவம் வரணும்?"ன்னாள். தண்ணீர் எடுக்காமலே வந்துவிட்டேன்.

ஹென்னிங்குக்கும் நான் சொல்லவில்லை. கூட்டத்தில் அவர் வார்த்தைதான் எடுபடும். "யோகிம் சோம்பேறிதான், ஆனா நான் அவனைப் பொறுத்துக்கிட்டேன்னு சொல்லப்போறேன் திரினே, அது போதுமில்ல?" என்று கேட்கிறார். நல்ல மனுஷன். செய்யாததற்கு மன்னிக்கப்போகிறார்.

நான் வாயைத் திறந்தால் உன் வீடு, மூடினால் அவன் வீடு. இந்த வாய் சும்மா இருந்ததே கிடையாது, நீ சும்மா இரு என்கிறாய். ஈஸ்டர் திங்கள்வரை இருக்கிறேன். அதற்குமேல் என்னால் ஆகாது. அதற்குள் அவனாகச் சொன்னால் மனுஷன். நான் சொன்னால் அவன் பிடிபட்டவன்.

கதவைத் திற, மின்னா.
திரினே


டிரெஸ்டன்
1823 மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு, மின்னாவின் வணக்கம்.

பத்தாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. நலம். நானும் எழுந்து உட்காருகிறேன்.

உங்கள் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. அன்றே கதவைத் திறந்தேன். அவர் தூரிகையோடு திரும்பினார். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை என் கையில் இருந்தால் அவர் ஒன்றும் செய்துகொள்ள மாட்டார் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவர் கேட்டது ஒன்றுதான்: "அத்தான் ஓடை வாய்ப் பக்கமா போனார்?" ஆமாம் என்றேன். கையை வெகுநேரம் கழுவினார். மேல்கோட்டை எடுத்தார்.

நான் ஓடிப்போய் அலமாரியில் கத்தி இருந்த பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். "அது எனக்கு வழியில தேவைப்படாது மின்னா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். இரண்டு அர்த்தம் வருகிறது.

உங்களிடம் வருவதாகத்தான் சொன்னார். படத்தில் கீழ்மூலை மட்டும் பாக்கி. நேற்று ஆலயத்திலிருந்து வந்தவர்கள் அதன்முன் முழங்காலிட்டார்கள். ஒருவர், "இதில் எவ்வளவு அமைதி" என்றார். அவர்கள் போனதும் அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டேன்.

வந்தால் ஒரு வரி எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.
மின்னா


நொய்ஹாகன்
1823 மார்ச் 29, ஈஸ்டருக்கு முந்தின சனி

மின்னாவுக்குத் திரினே. பிள்ளைக்கு என் முத்தம். யார் ஜாடை என்று எழுது, எங்கள் மூக்காக இருந்தால் மன்னித்துக்கொள்.

அவன் வரவில்லை.

ஸ்ட்ரால்சுண்டுத் துறைக்கும் எங்கள் தீவுக்கும் நடுவே உடைந்த பனிக்கட்டிகள் மிதந்து ஓடுகின்றன. நடக்கவும் முடியாது, தோணியும் விட முடியாது. கடைசியாக வந்த தோணிக்காரன் ஒருவன் சொன்னான், அக்கரைத் துறையில் தாடிக்காரன் ஒருவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறானாம். யாரோடும் பேசுவதில்லையாம். இருட்டினாலும் போவதில்லையாம். அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை. நானும் கேட்கப் பயந்துவிட்டேன்.

ஹென்னிங்கிடம் நேற்று எல்லாம் சொல்லிவிட்டேன். பைப்பைக் கேட்டார். நிரப்பிக் கொடுத்தேன். பற்றவைக்காமலே பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் என்னோடு பேசவில்லை.

வந்தாலும் வராவிட்டாலும் திங்கட்கிழமை நான் எழுந்து சொல்வேன். நீ என்னைச் சபித்தால் சபித்துக்கொள். குழந்தையைப் போர்த்திவை, அங்கேயும் குளிர் இன்னும் போயிருக்காது.

திரினே


நொய்ஹாகன்
1823 ஏப்ரல் 4

மின்னா, என் கண்ணே, உயிரோடு இருக்கிறான். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி.

ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் வந்தான். பனிக்கட்டிகளுக்கு நடுவே தோணி தள்ள ஒரு பைத்தியக்காரன் துறையில் கிடைத்திருக்கிறான். இவனும் இடுப்புவரை நனைந்து கூடவே தள்ளியிருக்கிறான். எங்கள் வீட்டைத் தாண்டி நேராக யோகிம் வாசலுக்குப் போய்விட்டான். என்ன சொன்னானோ, யோகிம் பொண்டாட்டி பாத்திரம் கழுவின தண்ணீரை அப்படியே அவன் தலையில் ஊற்றினாள். நான் சன்னலில் நின்று பார்த்தேன். தடுக்கப் போகவில்லை. மனசுக்குள் இன்னொரு வாளி எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் வலைக்கொட்டகையில் ஊரே கூடியிருந்தது. ஒரு ஆள் இருந்தாலே ஒதுங்குகிறவன் அத்தனை பேருக்கும் நடுவில் போய் நின்றான். "கிளைகள யோகிம் நட்டிருந்தான். நான் புடுங்கினேன். அது என்னன்னு தெரிஞ்சேதான் புடுங்கினேன். திரும்ப நட மறந்துட்டேன்." அவ்வளவுதான். படத்தைப் பற்றியோ கடவுளைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அதற்காக மட்டும் அவனை என் தம்பி என்று ஒப்புக்கொண்டேன்.

பட்டணத்து நீதிபதியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார் ஊர்த்தலைவர். ஹென்னிங் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது யோகிம் எழுந்தான். இத்தனை நாள் நாக்கைச் சேர்த்து வைத்திருந்தான் போலிருக்கிறது.

"ஜெயில்ல போட்டா ஹென்னிங்குக்குக் கால் முளைக்குமா? நம்ம படகுல அவன் எடம் காலியாக் கெடக்கு. இவனை உக்கார வைங்க. இழுக்கட்டும். பங்கு ஹென்னிங் வீட்டுக்குப் போகட்டும்."

"அவனுக்கு வலை இழுக்கத் தெரியுமாடா?" என்றார் தலைவர்.

"தெரியாது. அதான் பாக்க ஆசையா இருக்கு"ன்னான் யோகிம்.

அதனால் ஜூன் கடைசியில் வரும் யோவான் திருநாள்வரை லோரென்ஸ் இங்கேதான். நீ என்னைத் திட்டலாம், பச்சைப் பிள்ளையோடு உன்னைத் தனியாக விட்டுவிட்டோம். வெயில் வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடு. படகில் ஆறு பேர், ஆறு பேரும் ஓயாமல் பேசுகிறவர்கள். முதல் நாள் வாந்தி எடுத்தான். இரண்டாம் நாள் உள்ளங்கை இரண்டும் கிழிந்தது. யோகிம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் பொண்டாட்டி ஊற்றின தண்ணீரில் கிடந்தது முட்டைக்கோஸா வெங்காயமா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே வருகிறானாம். இன்னும் அவனை மன்னித்ததாக யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சோறு போடுகிறேன்.

கத்தியைப் பற்றிக் கேட்பாய். என் வீட்டில் மீன் அறுக்கிற கத்திகள் சுவர் நிறைய மாட்டியிருக்கின்றன, எதை ஒளிக்க? சாயங்காலம் அவனும் உட்கார்ந்து என்னோடு மீன் அறுக்கிறான். அவன் கையையே பார்த்துக்கொண்டு நானும் அறுக்கிறேன், வாயில் மட்டும் கேலி ஓடுகிறது.

நேற்று சாப்பாட்டுக்கு அப்புறம், பனியில் கிடந்த அந்த ராத்திரியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காத ஹென்னிங் தானாகவே கேட்டார்.

"மச்சான், நீ அங்க நின்னப்போ என்ன இருந்துச்சு?"

லோரென்ஸ் மேஜையிலிருந்து எழுந்தான். அப்புறம் சொன்னான், "பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு, அத்தான்."

"அதே எடத்துலதான் நான் ராத்திரி பூராக் கெடந்தேன்" என்றார் ஹென்னிங். "நானும் பாத்தேன். யாரும் இல்ல."

அவர் குரலில் கோபம் இல்லை மின்னா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எந்தப் பக்கம் பாத்துக்கிட்டுக் கெடந்தீங்க?" என்று கேட்டான் இவன்.

ஹென்னிங் நாற்காலியைத் தரையில் இழுத்து, எங்களுக்கு முதுகு காட்டி, வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "இப்படி"ன்னார். அப்படியே இருந்தார். அந்த முதுகை என் தம்பி பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கை சட்டைப்பைக்குள் பென்சிலைத் தேடிப் போனதை நான் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தேன்.

வெறுங்கையாகத்தான் வெளியே வந்தது. போய் அவர் தோளில் வைத்தான்.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தாய் என்று இதுவரை நீ எழுதவே இல்லை.

உன் பதிலுக்கு வாசலில் நிற்கும்
திரினே